முகம் நிறுக்கும் சுவர்

என் மனைவியின் முகம் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிட்டது என்று எனக்குச் சொன்னவன் செல்லத்துரை. வேறு யார் சொல்லியிருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

மாரியம்மன் கோயில் கமிட்டிக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் தேயிலை எஸ்டேட் கோயிலில் கொடைத் திருவிழா முடிந்ததும் முதல் மரியாதை என் குடும்பத்துக்கு, இரண்டாவது செல்லத்துரையின் குடும்பத்துக்கு. என் தாத்தா காலத்திலிருந்து இதுதான் வரிசை. அந்த ஒரு படி ஏற முடியாத எரிச்சல் அவர்கள் வீட்டில் தலைமுறைதோறும் கைமாறி வருகிறது. அன்றைக்கு அவனுக்கு வாய்த்தது.

"என்ன அண்ணாச்சி, ஹோட்டல் செவுத்துல மதினியத் தேடித் தேடிப் பாத்தேன். கீழ மூலையில ஒரு தீப்பெட்டி கணக்கா ஒட்டிக்கிட்டு இருக்காவ. எங்க மருமக மாரீஸ்வரி ஆளு ஒசரத்துக்கு நிக்கா. வாசல்ல நின்னாலே கண்ணுல படுதா."

கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். யார் யார் என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

அந்தச் சுவர் என் மகள் செல்வலட்சுமி செய்தது. அவள் திருச்சூரில் ஓவியம் படித்தவள். தூரிகை, சாயம் என்று எதையும் தொடாமல் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலேயே செய்கிறவள். மூணாறுக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் ஒரு பெரிய ஹோட்டல்காரர்கள், வரவேற்பு ஹாலில் வைக்க ஒன்று செய்து தரும்படி அவளிடம் கேட்டார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தோட்டப் பெண்களை அவள் வீடியோ எடுத்தாள். ஹாலின் ஒரு சுவர் முழுக்க நீளமான திரை. அதில் அந்தப் பெண்களின் உருவங்கள். படம் மாதிரி அசையாமல் இருக்காது. கண் சிமிட்டும், மூச்சு விடும். திரைக்கு மேலே ஒரு கேமரா. ஹாலுக்கு வருகிறவர் எந்த முகத்தை எவ்வளவு நேரம் பார்க்கிறார் என்று அது கணக்கெடுக்கும். பார்க்கப்பட்ட முகம் வளரும். பார்க்கப்படாத முகம் சுருங்கும். பக்கத்தில் ஒரு பலகை: "இவர்களின் மதிப்பை உங்கள் கண் முடிவு செய்கிறது."

"வாறவங்களுக்கு உறைக்கணும்ப்பா," என்றாள் அப்போது. "மனுசங்கள இப்படித்தான் அளக்கோம்னு அவங்களே பாத்து வெக்கப்படணும்."

"அங்க வாறவன் வெக்கப்படவா வாரான்? திங்க வாரான்," என்றேன்.

என் வீட்டுப் பெண் அதில் இருக்கக் கூடாது என்று மறுத்தேன். ஊரான் ஏறிட்டுப் பார்ப்பதற்காகச் சுவரில் நிற்கிற குடும்பம் இல்லை எங்களுடையது. ஆனால் என் மனைவி அழகுத்தாய், மகள் கேட்டுவிட்டாள் என்று போவதாகச் சொல்லிவிட்டாள். தடுக்க முடியாது என்று தெரிந்ததும் ஒரு நிபந்தனை வைத்தேன். கொழுந்து எடுக்கிற கோலத்தில், தலையில் துண்டும் இடுப்பில் படங்குச் சாக்கும் கட்டிக்கொண்டு அவள் நிற்கக் கூடாது. கொடையன்று முதல் மரியாதை வாங்கும்போது கட்டுகிற அரக்குப் பட்டு கட்டி, மூக்குக் கண்ணாடி போட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவன். என் மனைவி எப்படித் தெரிய வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

மற்றப் பெண்கள் வேலைக் கோலத்தில் நின்றார்கள். முதுகில் பிரம்புக்கூடை வேறு. எங்கள் தோட்டத்தில் கூடை போய் எத்தனையோ வருடமாகிறது. இப்போதெல்லாம் கத்திரியும் சாக்கும்தான். அந்தக் கூடைகளை ஹோட்டல்காரர்களே எங்கிருந்தோ வாங்கி வந்து மாட்டிவிட்டார்கள்.

கமிட்டிக் கூட்டம் முடிந்த மறுநாள், ஜீப் ஓட்டும் என் மகன் சதீஷைக் கூப்பிட்டுக்கொண்டு ஹோட்டலுக்குப் போனேன்.

செல்லத்துரை சொன்னதில் பொய் இல்லை. மாரீஸ்வரி ஆள் உயரத்துக்கு நின்றாள். அவள் முன்னால் ஒரு குடும்பம் வரிசையாக நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. வெட்கப்பட்டவர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. அழகுத்தாய் கீழ் மூலையில் இருந்தாள். அந்த அளவிலும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தாள். குனிந்தால்தான் தெரியும். என் மனைவியின் முகத்தைப் பார்க்க நான் முதுகை வளைத்துக் குனிந்தேன்.

அந்த நேரம் பார்த்து ஒருவன் என் பக்கத்தில் வந்து, இந்தப் பெரியவர் என்னத்தைக் குனிந்து பார்க்கிறார் என்று தானும் குனிந்து பார்த்தான். வடக்கத்தி ஆள், சிவந்த நிறம். அவன் பார்த்த மாத்திரத்தில் அவள் முகம் ஒரு நகக்கண் அகலம் கூடி வளர்ந்தது. நான் முறைத்த முறைப்பில் அவன் போய்விட்டான். முகம் மறுபடி சுருங்கியது.

ஹாலைக் கவனித்துக்கொள்ளும் மேனேஜர் ஷீனா என்ற பெண் வந்தாள். மலையாளி. மரியாதையாகத்தான் பேசினாள்.

"அப்பா, சங்கடப்படாதீங்க. கெஸ்ட்டுக்கெல்லாம் தேயில நுள்ளுற அம்மாமாரத்தான் இஷ்டம். இவங்களக் கண்டா ஏதோ டீச்சர் மாதிரி தோணுது. அதான் ஆரும் நோக்கல."

"அதுக்கு?"

"ஞாயித்துக்கிழம ஏத்தவும் சின்ன, எல்லாத்துலயும் சின்ன முகத்த மாத்தணும். அது எக்ரிமெண்ட்ல உண்டு. ஒரு காரியம் செய்யலாம். அம்மாவ ஒருக்கா கொண்டு வாங்க. துண்டு கெட்டி, கூட வெச்சு வேற வீடியோ எடுக்கலாம். செல்வாவுக்கு அஞ்சு நிமிஷ வேல."

சொன்னதோடு நிற்கவில்லை. ஒரு பையனை அனுப்பி அந்தக் கூடையை எடுத்து வரச் செய்து என் காலடியில் வைத்தாள். புதுக்கூடை. ஒரு இலைகூட அதில் விழுந்ததில்லை. வார்னிஷ் வாசனை அடித்தது.

"அம்மா, என் பொண்டாட்டி முதுகுல எதக் கட்டணும்னு நீங்க சொல்ல வேண்டாம்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதற்கு மேல் பேசியிருந்தால் கூடையை எட்டி உதைத்திருப்பேன்.

வீட்டில் அழகுத்தாய் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் போட்ட சத்தம் பக்கத்து லயம்வரை கேட்டிருக்கும். வருகிறவன் போகிறவன் எல்லாம் குனிந்து பார்க்கிறான் என்றேன். ஒரு பயலும் பார்க்கவில்லை என்றேன்.

"பாத்தாலும் கோவம், பாக்காட்டியும் கோவம்," என்றாள். "அவன் கண்ண என்னதான் செய்யச் சொல்லுதிய? களட்டி ஒங்க கையில தரச் சொல்லவா?"

சதீஷ் சிரித்தான். நான் பார்த்ததும் வெளியே போய் ஜீப்பைத் துடைக்க ஆரம்பித்தான்.

கூடை விஷயத்தைச் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எனக்குக் கூடையில ஒரு வெக்கமும் கெடையாது. அது எனக்குச் சோறு போட்டுது. பட்டுச்சேல ஒங்க ஆசைக்குக் கட்டுனது, அது வேற. ஆனா இந்தச் செவுரு என்ன செய்யுது? காலமெல்லாம் எங் கொழுந்த நிறுத்தாவ. ஈரம்னு கொஞ்சம் கழிச்சாவ, முத்தல்னு கொஞ்சம் கழிச்சாவ. நான் வாயத் தொறக்கல. இப்ப மூஞ்சியவும் நிறுக்காவளாக்கும்? இதுலயும் கழிப்பாவளோ?"

அந்த நேரம் செல்வலட்சுமி உள்ளே வந்தாள். தாய் கடைசியாகச் சொன்னது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். முகம் வாடித்தான் இருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"சுருங்கட்டும்மா. ஒண்ணுமில்லாமப் போகட்டும். கூட இல்லாத பொம்பளைக்கு அந்தச் செவுத்துல எடமில்லன்னு நாலு பேருக்குத் தெரியட்டும். அந்த எடத்துல ஓட்ட விழும்லா, அதான் நான் சொல்ல வந்தது."

"ஓட்ட விழாதுட்டி," என்றேன். "அங்கன கூடையோட இன்னொருத்தி வந்து நிப்பா. ஓட்ட விழுந்த தடமே தெரியாது. எக்ரிமெண்ட்ல கையெழுத்துப் போடும்போது இது ஒனக்குத் தெரியாதா? ஒன் படிப்பக் காட்ட ஒங்கம்மா மூஞ்சிதான் கெடச்சுதா?"

"வேற யாரு மூஞ்சிய வைக்கட்டும்? அடுத்த வீட்டுப் பொம்பள சுருங்குனா பரவால்லையா ஒங்களுக்கு?"

எனக்கு அது பரவாயில்லைதான். அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

எழுந்து கோயில் மேடைக்குப் போனேன். சாயங்காலம் தண்ணீர்க் குழாயில் கூட்டம் கூடும் நேரம். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: பார்த்தால் முகம் வளரும் என்றால் நாம் போய்ப் பார்ப்போம். நம் வீட்டுப் பெண்களைப் பார்க்க அடுத்தவன் கண்ணை ஏன் எதிர்பார்த்து நிற்க வேண்டும்? பார்க்கிற கண்ணுக்கா இங்கே பஞ்சம்? ஞாயிற்றுக்கிழமை காலையில் சதீஷும் அவன் கூட்டாளிகளும் ஜீப் கொண்டு வருவார்கள். எல்லாரும் புறப்படுங்கள்.

செல்லத்துரையும் தலையாட்டினான். "வாரேன் அண்ணாச்சி. ஆனா நான் எங்க மருமகளத்தான் பாப்பேன். இப்பவே சொல்லிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கோயிலுக்குப் போகிற மாதிரி குளித்து, வெள்ளை வேட்டியும் நல்ல சேலையுமாக வந்தார்கள். வாசல் காவலாளி தடுத்தான். ஓவியம் செய்தவளின் அப்பா நான் என்றேன். ஷீனா வந்து, கெஸ்ட்டுக்கு இடைஞ்சல் இல்லாமல் பார்த்துவிட்டுப் போங்கள் என்று உள்ளே விட்டாள்.

ஹாலில் பகலிலும் மஞ்சள் விளக்குகளை மங்கலாக எரிய விட்டிருந்தார்கள். பணக்காரர்களுக்கு அந்த மங்கல் பிடிக்கும்போல. எங்கள் ஆட்கள் தீபாராதனைக்குக் காத்து நிற்பதுபோல் வரிசையாக, சத்தமில்லாமல் நின்றார்கள். பெண்கள் அவரவர் முகத்தைத் தேடினார்கள். மற்றவர்கள், நான் கேட்டுக்கொண்டபடி, அழகுத்தாயைப் பார்த்தார்கள். நானும் கண் கொட்டாமல் பார்த்தேன்.

அவள் வளரவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் சுருங்கினாள்.

உண்மையில் எல்லா முகமும் சுருங்கிக்கொண்டிருந்தது, மாரீஸ்வரி உள்பட. அப்போது கையில் காப்பிக் கோப்பையோடு ஒரு கணவனும் மனைவியும் பக்கவாட்டில் வந்தார்கள். சிவந்த நிறத்து ஆட்கள். நடந்தபடியே மாரீஸ்வரியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்கள். அவள் விறுவிறுவென்று வளர்ந்தாள்.

"இது என்ன கூத்து?" என்றான் செல்லத்துரை. "அவன் போற போக்குல பாத்தான். நான் வந்து நின்னதுலருந்து கண்ண எடுக்காமப் பாக்கேன். எனக்கு வளரல, அவனுக்கு வளருதா?"

செல்வலட்சுமி மடிக்கணினியைத் திறந்து, அந்தக் கேமராவின் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று பார்த்தாள். நான் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். ஹால் முழுக்கத் தெரிந்தது. அந்தக் காப்பிக்காரர்களின் முகத்தைச் சுற்றிப் பச்சையில் ஒவ்வொரு கட்டம். எங்கள் யாரையும் சுற்றி எதுவும் இல்லை. என் வெள்ளை வேட்டி தெரிந்தது, சட்டை தெரிந்தது. கழுத்துக்கு மேலே இருப்பதை அந்த இயந்திரம் முகம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. கீழே எழுதியிருந்தது: பார்வையாளர்கள், இரண்டு.

அவள் மெதுவாகச் சொன்னாள்.

"இது நம்மள ஆளுன்னே கணக்குல எடுக்கலப்பா. இந்த எண்ணுற கண்ணு நான் செஞ்சதில்ல. ஹோட்டல்காரங்க வெளிய வாங்குனது. இதுக்குக் காட்டிப் பழக்குனதெல்லாம் வேற மூஞ்சி. இந்த மங்குன வெளிச்சத்துல நம்ம நெறத்த இது நெழல்னு நெனைக்கு."

"தெறப்பு விழாவுக்கு நாங்க வந்தப்ப வளந்துதே?" என்று மாரீஸ்வரி கேட்டாள்.

"அன்னைக்கு ஃபோட்டோ எடுக்கவங்க பெரிய லைட்டு போட்டிருந்தாங்கக்கா."

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஷீனாவுக்கு எங்களுக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டது.

"அத்தரேயுள்ளூ? இவ்வளவுதானா? சாரமில்ல, பரவாயில்ல. கொஞ்சம் பவுடர் போட்டா எடுத்துக்கும். ரிசப்ஷன்ல உண்டு, நான் கொண்டு வரச் சொல்றேன்."

கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருந்தால் ஒரு வார்த்தையில் திருப்பிக் கொடுத்திருப்பேன். நல்ல மனதோடு சொன்னாள். அதுதான் என்னை எரித்தது. எங்கள் வரிசையில் ஒரு பெண் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அம்மா," என்றேன். ஹால் முழுக்க என் குரல் எதிரொலித்தது. "மாரியம்மனுக்கு முன்னாலயே துன்னூறத் தவிர இந்த மூஞ்சியில நான் எதையும் பூசுனதில்ல. ஒங்க செவுத்துக்காகப் பூசணுமோ? இந்த மலையில காட்ட வெட்டித் தேயில நட்டது இந்த மூஞ்சி. ஒங்க கெஸ்ட்டு குடிக்கிற காப்பித்தண்ணிக்கு அடுப்பு பத்த வைக்கதும் இந்த மூஞ்சிதான். ஒங்க மிசினுக்கு அது தெரியலன்னா கண்ணு அதுக்குத்தான் அவிஞ்சு போச்சு, எங்களுக்கில்ல."

"அப்பா, சத்தம் வேண்டாம், ப்ளீஸ்..." என்றாள் ஷீனா.

"ஷீனாக்கா, இங்க வாங்க," என்றாள் செல்வலட்சுமி. மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினாள். "இந்தா நீங்க நிக்கிய, பாருங்க. ஒங்களச் சுத்தியும் கட்டம் இல்ல."

ஷீனா குனிந்து பார்த்தாள். ஒரு அடி முன்னால் வந்து, முகத்தைக் கேமராவுக்கு நேராக நிமிர்த்திப் பார்த்தாள். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். கட்டம் வரவில்லை. அவள் பவுடரைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை.

நான் திரைக்கு முன்னால் போனேன். அதற்கு முதுகைக் காட்டி, ஹாலைப் பார்த்துக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். கேமரா என் தலைக்கு நேர் மேலே. அழகுத்தாய் வந்து என் வலப்பக்கம் நின்றாள். செல்லத்துரை கொஞ்சநேரம் மருமகளின் உருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் வந்து இடப்பக்கம் நின்றான். நான் ஒருவரையும் கூப்பிடவில்லை. ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். திரையிலிருந்து வாசல் வரைக்கும் ஹால் நிறைந்துவிட்டது. காப்பிக்காரர்கள் போய்விட்டார்கள். எட்டிப் பார்த்த மற்ற கெஸ்ட்டுகள் வழி இல்லாமல் அடுத்த பக்கமாகச் சாப்பிடப் போனார்கள்.

"எல்லா மொகமும் எறங்குதுப்பா," என்றாள் செல்வலட்சுமி. "ஹால்ல யாருமில்லன்னு இது முடிவு பண்ணிட்டு."

திரும்பிப் பார்த்தேன். திரையில் மாரீஸ்வரி இடுப்பளவுக்கு வந்திருந்தாள். பிறகு முழங்கால் அளவு. பிறகு உள்ளங்கை அளவு. ஆள் உயரத்துக்கு நின்றவளும் மூலையில் கிடந்தவளும் கொஞ்ச நேரத்தில் ஒரே தீப்பெட்டி அளவாகிவிட்டார்கள். செல்லத்துரையும் பார்த்தான். பல்லைக் கடித்தான்.

"அப்பா, ஒண்ணு தள்ளி மாறி நில்லுங்க," என்றாள் ஷீனா. "கெஸ்ட்டு நோக்கலைன்னா மொத்தமும் ஆஃப் ஆகும். மொதலாளி வேற இன்னிக்கு வராங்க."

"ஆளே இல்லாத எடத்துல யாரம்மா மாறி நிக்கச் சொல்லுதிய?" என்றேன்.

எங்கள் பக்கத்தில் யாரோ "போடு" என்றார்கள். செல்லத்துரை சத்தமாகச் சிரித்தான். அவன் என் பேச்சுக்குச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சுவர் அணைந்தது. முழுதும் கறுப்பு. கறுத்த கண்ணாடியில் நாங்கள் அத்தனை பேரும் தெரிந்தோம். அழகுத்தாய் அதைப் பார்த்துச் சேலைத் தலைப்பைச் சரிசெய்து, பொட்டை நடுநெற்றிக்குத் தள்ளி வைத்துக்கொண்டாள்.

ஷீனாவின் ஃபோன் அடித்தது. முதலாளிதான். கேமராவின் கணக்கு அங்கே அவருக்கும் போயிருக்க வேண்டும். ஹாலில் ஒருவரும் இல்லையா என்று கேட்டிருப்பார். அவள் எங்களைப் பார்த்தாள்.

"ஆளுண்டு சாரே," என்றாள் மெதுவாக. பிறகு சத்தமாக, "நெறச்சும் ஆளுண்டு."

பேசி முடித்துவிட்டு வந்து, டெக்னீஷியனை வரச் சொல்லி எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து ஓட விடச் சொல்கிறார் முதலாளி என்றாள்.

செல்வலட்சுமி மடிக்கணினியை மூடினாள். "வேண்டாம்க்கா. இது இப்படியே கெடக்கட்டும். கறுப்பாவே. பக்கத்துப் பலகையில இன்னைக்கு இங்க யாரு யாரு நின்னாங்கன்னும், மிசின் எத்தன பேர எண்ணுச்சுன்னும் எழுதி வைக்கேன். எங்க அம்மாவ எடுத்துட்டு எவளையும் கூடையோட அங்க நிப்பாட்ட விட மாட்டேன். எக்ரிமெண்ட மீறினதாப் போகட்டும்."

"செல்வா, மொதலாளி சம்மதிக்க மாட்டாரு."

கறுத்துப்போன ஒரு சுவரை ஓவியம் என்று சொல்வது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. இந்த வேலையில் அவள் இறங்கியதே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஊர் முன்னால் அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். அது என் வீட்டு வார்த்தை.

"என் மக சொல்லாம இந்தச் செவுத்துல ஒருத்தன் கை வைக்கக் கூடாது," என்றேன். "ஒங்க மொதலாளிய வரச் சொல்லுங்க. நாங்க இங்கனதான் நிக்கோம்."

"காலு வலிக்கு. நீங்க நில்லுங்க," என்றாள் அழகுத்தாய். கெஸ்ட்டுகளுக்குப் போட்டிருந்த சோபாவில் போய் நிமிர்ந்து உட்கார்ந்து, மாரீஸ்வரிக்கும் பக்கத்தில் இடம் விட்டாள்.